பேரு வெட்டின செம்பு

இல்ல அண்ணாச்சி, அந்தப் பையை மட்டும் நகட்டாதீய. இருங்க, நானே மடியில வச்சுக்கிடுதேன். பெருசா ஒண்ணுமில்ல, ஒரு செம்பு இருக்கு. எங்க எறங்குறீய? உக்காருங்க, செத்த நேரம் ஆகும். மேடு வந்தாலே கரி பஸ்ஸு மூச்சு வாங்கும். கிளீனர் பின்னாடி போயி காத்துச் சக்கரத்தைச் சுத்தணும், கரி கனியணும், கேஸு கெளம்பணும். யுத்தம் முடிஞ்சு பெட்ரோல் வார வரைக்கும் இந்தப் பாடுதான். இந்தா ஓட்டுதானே டிரைவரு, இவனை விட நான் நல்லா ஓட்டுவேன். பீத்திக்கிடல அண்ணாச்சி, பதினோரு வருசமா இதே ரூட்டு, ராசபாளையம் வில்லிபுத்தூரு. பேரு சமுத்திரம்.

இன்னிக்கு லீவு. கோர்ட்டுல சாட்சி சொல்லணும். கேஸு யாரு மேலயா? சூசை மேல. பஸ் தொழிலாளர் சங்கத்துத் தலைவர். ஆங், பாத்தீயளா! ஆலங்குளத்துக்காரருன்னு சொன்னீய, உங்களுக்கே தெரியுது. என் பேரைச் சொன்னேன், முழிச்சீய. அவன் பேரைச் சொன்னதும் மொகம் மலருது. நாலு வருசம் என் வண்டிக்குப் பின்னாடி கரி போட்டவன் அண்ணாச்சி அவன். என் வயசுதான். மொகமெல்லாம் கரி அப்பி, பல்லு மட்டும் வெள்ளையாத் தெரியும். அந்தப் பல்லைக் காட்டித்தான் ஊரையே வளைச்சுப்புட்டான்.

சங்கம்னு மொதல்ல ஆரம்பிச்சது நாங்கதான். டிரைவர் சங்கம். மொத்தமே எட்டுப் பேரு. லைசன்சு இருந்தாத்தான் சேத்துக்கிடுவோம். நாந்தான் தலைவர். சின்னச் சங்கத்துல ஒரு சொகம் இருக்கு, கேட்டுக்கிடுங்க. எட்டுப் பேரும் காப்பிக்கடை பெஞ்சுல உக்காந்தா காப்பி ஆறுறதுக்குள்ள முடிவு பண்ணிரலாம். டிரைவரு இடுப்பு என்ன பாடு படுதுன்னு டிக்கெட்டுக் கிழிக்கிறவனுக்கு என்ன தெரியும்? முதலாளியும் எங்களை உள்ள கூப்புட்டு நாக்காலி போட்டுப் பேசுவாரு. மத்தவன்லாம் வாசல்ல நிக்கணும். பொய் சொல்லல, அந்த நாக்காலியில உக்காருறப்ப எனக்கு உச்சி குளுந்துபோகும்.

அங்கன வந்து சூசை பெரிய சங்கம் தொடங்குதான். கண்டக்டரு, கிளீனரு, கரி போடுறவன், டயருக்குப் பட்டி ஒட்டுறவன், பாடி கட்டுற ஆசாரிக, கரிமூட்டை செமக்கிற பொம்பளையாளுக, அம்புட்டுப் பேரும் ஒண்ணாம். நாளைக்கு மில்லுக்காரங்களையும் சேத்துக்கிடணுமாம். எங்கிட்டயும் வந்தான். அண்ணே, ஸ்டீரிங்கைப் பிடிக்கிறவனும் கரி போடுறவனும் ஒரே வண்டியிலதான போறோம், தனித்தனியா நின்னா முதலாளி ஒவ்வொருத்தரா ஒதுக்கிருவாரு, வாங்கண்ணே அப்படின்னான். ஏலே, நூத்தம்பது பேரு கூடிப் பேசி என் இடுப்பு வலிக்கு நீங்க வாரதுக்குள்ள எனக்குக் கெழடு தட்டிருமேன்னேன். சிரிச்சான். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்கு ஆகாது.

பொறாமையான்னு கேக்கீயளா? ஆமா. ஒளிச்சு என்ன ஆகப்போகுது. நான் கூட்டம் போட்டா எட்டுப் பேரு. அவன் போட்டா செட்டியார்பட்டியில இருந்தெல்லாம் நடந்து வாராக. எங்க வீட்டுக்காரி குருவம்மா இருக்காளே, அவ போயி மொத வரிசையில உக்காந்துட்டு வாரா அண்ணாச்சி. எனக்குச் சோத்தைப் போட்டுக்கிட்டே, சூசை அண்ணன் சொல்லுறதுல என்ன தப்புங்கா. தட்டை நகட்டி வச்சுட்டு எந்திரிச்சுட்டேன்.

போன மாசம் சம்பளம் கூட்டக் கேட்டு நாங்க எட்டுப் பேரும் ஸ்டிரைக்கு. டிரைவர் கையை எடுத்துட்டா வண்டி எப்படி ஓடும்னு ஒரு திமிரு. ரெண்டு நாளு ஓடல. மூணாம் நாளு காலையில பாத்தா, முதலாளி மதுரையில இருந்து எட்டுப் பேரைக் கொண்டாந்து எறக்கிட்டாரு. பட்டாளத்துல லாரி ஓட்டிக் காயம்பட்டு வந்தவங்க. நாளையில இருந்து அவங்கதான் ஓட்டப்போறாங்கன்னு பேச்சு. எங்க சங்கத்துச் சுப்புராஜு அங்கனயே உக்காந்து தெலுங்குல பொலம்ப ஆரம்பிச்சுட்டான்.

அன்னிக்குக் காலையிலயே சூசை என் வீட்டுக்கு வந்துட்டான். அண்ணே, நாளைக்கு எங்க ஆளுக ஒருத்தரும் காத்துச் சக்கரத்தைத் தொடமாட்டோம், கேஸு கெளம்பாது, எவன் ஏறி உக்காந்தாலும் வண்டி நகராது, நீங்க வந்து எங்க ஆளுககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க போதும்னான். கேக்கணுமாம்! நான் போயி கரிக்காரன்கிட்ட கேக்கணுமாம்! உங்க தயவு ஒண்ணும் வேண்டாம், டிரைவர் பாட்டை டிரைவர் பாத்துக்கிடுவான்னு வெரட்டிவிட்டேன். குருவம்மா அடுப்படிக்குள்ள போயி ஏனத்தை டங்கு டங்குன்னு வச்சா.

மறுநாளு பாத்தா கேட்டு முன்னால நூத்தம்பது பேரும் கையைக் கட்டிக்கிட்டு நிக்காக. நான் கேக்காமலே. பட்டாளத்து டிரைவர்மாரு உள்ள உக்காந்து ஆரனை அடிக்காங்க, சக்கரம் சுத்த ஆளில்ல. கடைசியில கணக்கப்பிள்ளை வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுச் சுத்துதாரு. சுத்துதாரு, சுத்துதாரு, கரி பத்துனாத்தான! மூடியைத் தொறந்து பாத்தா அஞ்சு வண்டியிலயும் கரிக்குள்ள தண்ணி நிக்கி. முந்தின நாளு மத்தியானம், ஷெட்டுக்காரங்க சாப்புடப் போன நேரத்துல எவனோ ஊத்தியிருக்கான். போலீஸு வந்துச்சு. யாருலே உங்க தலைவன்னாக. சூசை கையைத் தூக்கினான். வெலங்கை மாட்டிட்டாக.

அந்த வெலங்கோட அவன் நடந்து போனதைப் பாக்கணுமே! மில்லுப் பொம்பளையாளுக குலவை போடுதாக. எவனோ ஓடிவந்து மாலை போடுதான். நாலே நாளுல முதலாளி எறங்கி வந்தாரு. டிரைவருக்குக் கேட்டதும் கெடச்சுது, கிளீனருக்கும் கெடச்சுது. எங்க ஏழு டிரைவர்மாரும் போயி பெரிய சங்கத்துல கையெழுத்துப் போட்டுட்டாங்க. டிரைவர் சங்கத்துல இப்பத் தலைவரும் நாந்தான், உறுப்பினரும் நாந்தான். சிரிக்காதீய அண்ணாச்சி.

முதலாளி பொறவு என்னைக் கூப்புட்டு விட்டாரு. நாக்காலி போட்டாரு. சூசை தண்ணி ஊத்துறதைக் கண்ணால பாத்தேன்னு சாட்சி சொல்லு, புதுசா வார பஸ்ஸு உனக்குத்தான்னாரு. சரின்னேன். மூஞ்சியைத் திருப்பாதீய, சரின்னுதான் சொன்னேன். அதைச் சொல்லத்தான் சட்டையைத் தொவைச்சுப் போட்டுக் கெளம்ப இருந்தேன்.

ஆங், கெளம்பிருச்சு. கம்பியைப் பிடிச்சுக்கிடுங்க, பள்ளம் வரும்.

நேத்துச் சாயங்காலம் சூசை பொண்டாட்டி அன்னாள் வந்தா. குருவம்மா கையில இந்தச் செம்பைக் குடுத்துட்டு, இது கரிச்சாக்குக்குள்ள இருந்துச்சு, அவிய உள்ள போறதுக்கு முந்தியே ஒளிச்சு வச்சிருந்தாக, உங்க வீட்டுல சேத்திரச் சொன்னாக, அம்புட்டுத்தான் சொன்னா, போயிட்டா. இந்தா பாருங்க, புளி போட்டுத் தேச்சு எப்படிப் பளபளன்னு இருக்கு. என் மாமனார் குடுத்த சீரு. கழுத்துல பேரு வெட்டியிருக்குல்ல, படிங்க. ஆமா, என் பேருதான்.

ஷெட்டுத் தொட்டித் தண்ணியை இதுலதான் மோந்து மோந்து ஊத்தினேன். கரிக்காரன் தயவில்லாம டிரைவரே வண்டியை நிறுத்திட்டான்னு ஊரு பேசணும்னு ஆசை. பதட்டத்துல அஞ்சாவது வண்டி மேலயே வச்சுட்டு வந்துட்டேன். அவன் பாத்திருக்கான், பேரைப் படிச்சிருக்கான், எடுத்து ஒளிச்சிருக்கான். நான் சும்மா வீட்டுல படுத்துக் கெடந்திருந்தாக்கூட வண்டி ஓடியிருக்காது. கையைக் கட்டிக்கிட்டு நின்னவனுக்கா வெலங்கு மாட்டினாக? என் தண்ணிக்குத்தான் மாட்டினாக. குருவம்மா செம்பையும் பாத்தா, என்னையும் பாத்தா. பொறவு புளியை எடுத்து அதைத் தேய்க்க உக்காந்துட்டா.

மடவார்வளாகம் தாண்டியாச்சு, வில்லிபுத்தூரு வந்துருச்சு, நீங்க வத்திராயிருப்பு பஸ்ஸுக்கு நேரா ஸ்டாண்டுலயே எறங்கிக்கிடலாம். நானா? செம்பை மாஜிஸ்ட்ரேட்டு முன்னால வச்சுட்டு, நாந்தான் ஊத்தினேன்னு சொல்லப்போறேன். ஐயோ, கையெடுத்துக் கும்புடாதீய, நான் நல்லவன்லாம் இல்ல. அவன் எனக்காக உள்ள கெடக்கான்னு என்னிக்காவது தெரிஞ்சா, அதுக்கும் ஊரு அவனுக்குத்தான மாலை போடும்? செஞ்சது நான், மாலை அவனுக்கா?

ஏலே, கோர்ட்டு வாசல்ல ஒரு ஆளு எறக்கணும், நிறுத்து. செயிலுக்கெல்லாம் எனக்குப் பயமில்ல அண்ணாச்சி. அங்கயும் எனக்கு முன்னாடி அவன் போயி உக்காந்துக்கிட்டான் பாருங்க, அதைத்தான் தாங்க முடியல.