கோயில் இறக்கத்தில் இருக்கிறது

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே கால். தேயிலைத் தோட்டத்திலிருந்து தானா ராத்தா டவுனுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும். பழைய துரை ஒருவர் விட்டுப்போன துருப்பிடித்த காரைக் கணவர் தம் வீட்டுப் பின்புறத்தில் வைத்துத் தாமே சரிசெய்திருந்தது பேச்சில் தெரிந்தது.

"வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் காருல ஏறுறப்ப கால்கள ஓரமா வை. நடுவுல தரை ஓட்டைக்கு பிஸ்கட் டின் தகரம்தான் அடிச்சிருக்கேன்."

"தகரம் கெடக்கட்டுங்க. பிரேக்கு?"

"பழைய லோரியில கழட்டுன பைப்பு. புதுசுக்குக் காசு ஏது லா? லைன் வீட்டு வாசப் பாதையில ஓட்டிப் பார்த்தேன், நின்னுச்சு."

"நம்ம லைன் சமதரை. முனியாண்டி கோயிலு எறக்கத்துல இருக்கு."

"கோயில்ல பூசை போட்டு, டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கினா அப்புறம் பயமில்ல."

"அங்க போய்ச் சேர்ற வரைக்கும்? பூசாரிய மேல கூப்பிடுங்க."

"முதல் ஓட்டம் சாமிகிட்டதான் போகணும். பயந்தா நீ பஸ்ல வா."



"நானும் வண்டியிலயே வாரேன். தனியா விட்டா வேகமா எறங்குவீங்க."

கணவர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார்.

"வேணாம் புள்ள. லைன்ல மூணு தடவை மிதிச்சேன். ரெண்டு தடவைதான் நின்னுச்சு."