பெருவிரலுக்குக் கீழ இருந்த சம்பளம்

ஜக்சன்: பெருவிரலை எடுக்க ஏலாது. நான் வாசிக்கிறன், நீர் அடியும்.

தினுஷா: என்னப்பா இது? சோதினையில பக்கத்துப் பிள்ளை பாத்து எழுதிப்போடும் எண்டு மறைக்கிற மாதிரி... தாங்கோ அந்தச் சம்பளக் கடதாசியை.

ஜக்சன்: உம்மட கையில மா. ஊத்தையாப் போயிடும்.

தினுஷா: ஒரு மாவும் இல்லை. இஞ்சேருங்கோ, நவம்பர் முடிய இன்னும் நாலு நாள். கடைசி நாளில எல்லாரும் விழுந்தடிச்சு அனுப்புவினம், உந்த வரி வெப்சைட் சுத்திக்கொண்டே நிக்கும். சோலாருக்கு வரிக் கழிவு வேணுமோ, வேண்டாமோ?

ஜக்சன்: வேணும், வேணும்! கூரை முழுக்கப் போட்டுட்டு மாசாமாசம் வங்கிக்காரனுக்கு அழுறது நானெல்லோ. வருசத்துக்கு ஆறு லட்சம் வரைக்கும் கழிக்கலாம் எண்டு நீர்தானே சொன்னனீர்.

தினுஷா: ஓம். வங்கிக்குக் கட்டின காசை உங்கட வருமானத்தில கழிச்சுப்போட்டு மிச்சத்துக்குத்தான் வரி. கொம்பனி அதைப் பாக்காமல் மாசாமாசம் முழுக்க வெட்டிப்போட்டுது. கூட வெட்டினதை நாங்கள் திருப்பிக் கேக்கிறம். அதுக்கு உங்கட வருசச் சம்பளம் வேணும். சொல்லுங்கோ.

ஜக்சன்: இருபத்திரெண்டு லட்சத்து எண்பதாயிரம்.

தினுஷா: நல்லது. வெட்டின வரி?

ஜக்சன்: தொண்ணூற்றாறாயிரம்.

தினுஷா: ...எவ்வளவு?

ஜக்சன்: தொண்ணூற்றாறு... ஏன், கூடவோ?

தினுஷா: கூடவோவா? பதினெட்டு லட்சம் வரைக்கும் வரியில்லை. மிச்சம் நாலு லட்சத்து எண்பதாயிரம். அதுக்கு ஆறு வீதம், பத்து லட்சம் தாண்டினால்தான் பதினெட்டு. இருபத்தொன்பதாயிரம் கூட வராதப்பா. மூண்டு மடங்குக்கு மேல வெட்டியிருக்கினம்!

ஜக்சன்: அது... எங்கட கந்தோரில சம்பளம் போடுற கிளாக் பெடியன் பிழையா வெட்டியிருப்பான்.

தினுஷா: அப்ப விடக்கூடாது. நாளைக்குக் காலம நானும் உங்களோட துறைமுகத்துக்கு வாறன். கந்தோரில கேப்பம்.

ஜக்சன்: ஐயோ, வேண்டாம்! பாவம், அவன் புதுசாக் கலியாணம் முடிச்சவன். கால் நிலத்தில இல்லை.

தினுஷா: அவன்ட கலியாணத்துக்கு நாங்களோ தண்டம் கட்டுறது? பொறுங்கோ, உங்கட போன் அடிக்குது. அபூதாஹிர் நானா. அவரும் உங்களோட கிறேனிலதானே நிக்கிறவர், அவருக்கும் இப்பிடித்தான் வெட்டினவையோ எண்டு கேட்டுப் பாப்பம்.

ஜக்சன்: தாரும் போனை, நான் கதைக்கிறன்—

தினுஷா: நானா, ஸ்பீக்கரில போட்டிருக்கிறன். சொல்லுங்கோ.

அபூதாஹிர்: ஆ... தங்கச்சியா? அவன் பக்கத்தில நிக்கிறானா?

தினுஷா: நிக்கிறார், நிக்கிறார். நேற்று இவரோட உப்புவெளிக் கடலில பிடிச்ச மீன் எப்பிடி நானா?

அபூதாஹிர்: மீனா? ...ஓ, மீன்! நல்ல பாடு தங்கச்சி. பாரைக்குட்டி. ரெண்டு பேருக்கும் தூக்க ஏலாது.

தினுஷா: இவர் அறுக்குளா மீனெல்லோ கொண்டந்தவர்?

அபூதாஹிர்: அறுக்குளாவும் பட்டதுதான்...

தினுஷா: துண்டு துண்டா வெட்டின அறுக்குளா, நானா.

அபூதாஹிர்: ...லைன் சரியில்ல தங்கச்சி. பிறகு எடுக்கிறன்.

ஜக்சன்: போனை வெட்டிப்போட்டான், நாசமாப் போவான்.

தினுஷா: சிரிக்காதேங்கோ. பெருவிரலை எடுங்கோ.

ஜக்சன்: தினுஷா...

தினுஷா: எடுங்கோ எண்டுறன்.

ஜக்சன்: ...இந்தாரும்.

தினுஷா: முப்பது லட்சம். ஏழு லட்சத்து இருபதாயிரம் ஓவர்டைம்... அப்ப ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு போனது கிறேனுக்கோ?

ஜக்சன்: தூண்டிலைக் கிறேன் கபினுக்குள்ளதான் சாத்தி வைக்கிறனான். வேலை முடிய, சந்தையில மீன்.

தினுஷா: எனக்கு அது கடை மீன் எண்டு எப்பவோ தெரியும்.

ஜக்சன்: என்ன! தெரிஞ்சோ குழம்பு வைச்சனீர்?

தினுஷா: மனிசனுக்கு மீன் பிடிக்கத் தெரியாது, வெறுங்கையோட வர வெக்கப்பட்டு வாங்கிக்கொண்டு வருது எண்டெல்லோ நினைச்சனான்! பாவம் எண்டு போட்டு, பிள்ளைகளுக்கும் சொன்னனான், அப்பா பிடிச்ச மீன், நல்லாச் சப்பிச் சாப்பிடுங்கோ எண்டு.

ஜக்சன்: ஹா... நல்ல கதை!

தினுஷா: நல்ல கதையோ? போன வருசம் முதுகு பிடிச்சு, கிறேனால இறங்க ஏலாமல் நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து இந்தக் கட்டிலில கிடத்தினவை. மறந்துபோச்சோ? இருபது நாள் ஒருக்களிச்சுப் படுக்கவும் ஏலாமல் கிடந்தனீங்கள். டொக்டர் என்ன சொன்னவர்? கிழமைக்கு ஒரு நாளாவது முதுகுக்கு ஓய்வு வேணும் எண்டவர். மகளின்ட தலையில கை வைச்சுச் சத்தியம் பண்ணினனீங்கள்!

ஜக்சன்: தெரியும்...

தினுஷா: என்னத்தத் தெரியும்? நீங்கள் விழுந்தால் எனக்கு ஆரப்பா இருக்கினம்?

ஜக்சன்: அழாதையும். இதுக்குத்தான் விரலால மறைச்சனான். கழிவு கேக்கிறதெண்டால் உள்ள சம்பளத்தைக் காட்ட வேணும் எண்டு எனக்கு இண்டைக்குத்தானே தெரியும். தெரிஞ்சிருந்தால் கேட்டிருக்கவே மாட்டன்.

தினுஷா: ஏன் போனனீங்கள்? அதைச் சொல்லுங்கோ.

ஜக்சன்: சோலார்க் கடன்தான், வேறென்ன. நாலு வருசத்தை ரெண்டு வருசத்தில முடிச்சுப்போட்டால் நிம்மதி எண்டு பாத்தன். உம்மட காசில கை வைக்க எனக்கு மனமில்லை. வீட்டில இருந்து கண்ணைக் கசக்கிக் கசக்கி அந்த டைப்பிங் வேலை செய்து, என்னத்த, சில்லறைதானே எடுக்கிறீர்... அதையும் புடுங்கச் சொல்லுறீரோ?

தினுஷா: சில்லறையோ... சரி, அது கிடக்கட்டும். முப்பது லட்சம் எண்டு போடுறன். வங்கிக்குக் கட்டினது நாலு லட்சத்து இருபதாயிரம். மின்சார சபை இணைப்புக் கொடுத்த கடிதமும் இருக்கு. ஆ... நாற்பத்தொன்பதாயிரத்து இருநூறு திரும்பி வரும்.

ஜக்சன்: அடி சக்கை! அதென்ன, நான் வாய் மூடேக்குள்ள கணக்கு முடிஞ்சுது? எந்தப் பெட்டியில எதைப் போடுறதெண்டு கந்தோரில உள்ளவைக்கே தடுமாறும். நீர் எங்க பழகினனீர்?

தினுஷா: போன வருசமும் நிரப்பினனான்தானே.

ஜக்சன்: எனக்கோ? நான் இந்த முறைதானே வரி நம்பரே எடுத்தனான்.

தினுஷா: உங்களுக்கில்லை.

ஜக்சன்: பிறகு ஆருக்கு? அபூதாஹிருக்கோ?

தினுஷா: அனுப்பியாச்சு. தேத்தண்ணி போடட்டோ?

ஜக்சன்: தேத்தண்ணி கிடக்கட்டும். ஆருக்கு நிரப்பினனீர்? இஞ்ச பாரும், என்ட முகத்தைப் பாத்துச் சொல்லும்.

தினுஷா: எனக்கு.

ஜக்சன்: உமக்கோ? டைப்பிங் காசுக்கு என்ன வரி? மாசம் ஒன்றரை லட்சத்துக்கு மேல எடுக்கிறவைக்குத்தானே... தினுஷா?

தினுஷா: அது டைப்பிங் இல்லையப்பா. கொழும்புக் கொம்பனியில காப்புறுதிக் கணக்குப் பாக்கிறது. முதல் சம்பளம் வந்த அண்டைக்கே சொல்ல வந்தனான். நீங்கள் அண்டைக்கு உங்களுக்குச் சம்பளம் கூட்டினவை எண்டு ஒரு கேக்கும் வாங்கிக்கொண்டு, வாசலிலயே சிரிச்சுக்கொண்டு வந்து நிண்டியள். அந்தச் சிரிப்பைப் பாத்தாப் பிறகு எனக்கு வாய் வரேல்லை. நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு ரெண்டு வருசம் போச்சுது... முதல் அந்தக் கதிரையில இருங்கோ. இருந்திட்டியளோ? உங்கட அந்த ஏழு லட்சத்து இருபதாயிரத்தையும் சேர்த்துப் பாத்தாலும், என்ட சம்பளந்தான் கூட. முழுக்க வங்கியில கிடக்கு. கடனை நாளைக்கே கட்டி முடிப்பம். ஞாயிற்றுக்கிழமை என்னோட வீட்டில நில்லுங்கோ.