மேதகு தூதரின் துண்டறிக்கை

— "...ஐந்து நாடுகளில் இருபத்தெட்டு ஆண்டுகள் பிரான்சின் குரலாக ஒலித்தவர் ஒதிலோன் ப்ரெஸ்னே." எழுதிட்டியா, எர்மீன்?

— எழுதிட்டேன், மேதகு தூதரே. 'குரலாக'ன்னு இருக்கறத 'தொண்டையாக'ன்னு மாத்திடட்டுமா? அஞ்சு நாட்டுலயும் நீங்க பேசினதவிட குடிச்சதுதான் அதிகம்.

— கட்டின புருஷனோட தேர்தல் நோட்டீஸ்ல விளையாடாத. ரெண்டாவது தடவையா இந்த ஊருக்கு மேயர் ஆகப்போறேன். அடுத்த வரி. "வடகடலில் சிறைப்பட்ட நம் மீனவர் பதினேழு பேரைத் தமது ராஜதந்திரத்தால் மீட்டவர்."

— யாரு மீட்டா?

— நான்தான். பதக்கம் எனக்குத்தானே குடுத்தாங்க.

— நீங்க அவங்களப் பிடிச்சு வெச்ச நாட்டு மந்திரியோட மான் வேட்டைக்குப் போயிருந்தீங்க. மந்திரி பொண்டாட்டியோட முன்னறையில நாலு நாள் உக்காந்திருந்தது நான். கையில குழந்தை, வாயில பல்வலி. மொத நாள் அந்தம்மா முகமே குடுக்கல. ரெண்டாம் நாள் காபி வந்துது. மூணாம் நாள் தனக்கும் பல்வலின்னு சொன்னா. நாலாம் நாள் மீனவங்க பொண்டாட்டிங்க எழுதின கடுதாசியப் படிச்சுக் காட்டினேன். வேட்டை முடிஞ்சு வந்த புருஷன வாசல்லயே நிக்க வெச்சுப் பேசினாளாம். மறுநாளே ஜெயில் கதவு திறந்துது.

— வேட்டையில நானும் அவர்கிட்ட சொல்லியிருந்தேன்.

— என்னன்னு?

— பொதுவா. ராஜதந்திரம்னா பட்டுன்னு கேக்கக்கூடாது எர்மீன், சுத்தி வளைச்சு...

— மான் கிடைச்சுதா?

— தப்பிச்சிடுச்சு. அடுத்த வரி எழுது. "பாரிஸில் தபால் துறை அமைச்சராகப் பணியாற்றியவர்."

— எத்தனை நாள்னு போடவா?

— வேண்டாம்.

— பதினோரு நாள். ஆட்சி கவிழ்ந்த நேரம் தையக்கடையில பாதிக் கோட்டோட நின்னீங்க. ஒரு கை இருந்துது, இன்னொரு கை இன்னும் தைக்கல. 'அமைச்சர் ப்ரெஸ்னே'ன்னு அடிச்ச ஆயிரம் அட்டையும் பன்னெண்டாம் நாள்தான் வந்து சேர்ந்துது. இன்னிக்கும் ஜாம் பாட்டிலுக்கு அதைத்தான் திருப்பி ஒட்டறேன்.

— அந்தப் பதினோரு நாள்ல கிராமத்துத் தபால்காரங்களுக்கெல்லாம் மழைக்கோட்டுக்கு உத்தரவு போட்டேன். அதையும் சொல்லேன்.

— அது நிஜம். நல்ல காரியம். நீங்க கேக்காமலே அத எழுதிட்டேன், பாருங்க.

— அப்படி வா வழிக்கு. "வால்போன் கிராமத்தின் நலனையே தம் நலனாக..." ஏன் பேனாவ வெச்சிட்ட?

— ரயில் நிலையத்தப் பத்தி ஒரு வரிகூட வரலையே.

— அதுல சொல்ல என்ன இருக்கு?

— கேட் காக்கற ஃபெர்னாந்த் சொன்னா, போன வாரம் ரெண்டு பேர் வந்து தண்டவாளத்த அளந்தாங்களாம். எதுக்குன்னு கேட்டதுக்கு, உங்க மேயருக்குத் தெரியும்னாங்களாம்.

— தெரியும். மூடப்போறாங்க. ஒரு நாளைக்கு மூணு பேர் ஏறுற ரயில். முடிவெடுக்கறது மேல இருக்கறவங்க, நான் கத்தி என்ன ஆகப்போகுது?

— கத்தாம இருந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். செனட் தேர்தல்ல கட்சிப் பட்டியல்ல உங்களுக்கு ரெண்டாவது இடம்.

— என் கடிதத்தப் படிச்சியா? மேல 'அந்தரங்கம்'னு போட்டிருந்துதே.

— முப்பத்தொரு வருஷமா உங்க தபாலப் பிரிக்கறது யாரு? பதில் எழுதறது யாரு? உங்க கையெழுத்த உங்களவிட நான் அழகா போடுவேன். 'அந்தரங்கம்'னு இருந்தா அதத்தான் மொதல்ல பிரிப்பேன்.

— நிதானமா யோசி. செனட்ல உக்காந்தா இந்த ஊருக்கு எவ்வளவோ செய்யலாம். ராஜதந்திரம்னா ஒண்ண விட்டு ஒண்ணப் பிடிக்கறது.

— நம்ம இவோனுக்கு ஆறு வயசுல தொண்டை அடைப்பான் வந்துதே.

— வந்துதா? நான் அப்போ ஜெனிவா மாநாட்டுல...

— ஆமா. இங்க ஆளுயரத்துக்குப் பனி. டாக்டரோட கார் ஆத்துப் பாலத்தத் தாண்டல. ரயில் ஓட்டுனவர் இன்ஜின்ல தன் பக்கத்துலயே கோட்ட விரிச்சு அவளப் படுக்க வெச்சார். அங்கதான் சூடு இருந்துது. ஓரியாக் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது அவ உதடு நீலமாயிடுச்சு. அரை மணி தாமதிச்சிருந்தா பொண்ணு உங்களுக்கில்லம்மான்னாங்க. மூணு பேர் ஏறுற ரயில்னீங்களே, அன்னிக்கு அதுல ரெண்டு பேர் நாங்க.

— நீ எனக்கு இத சொல்லவே இல்லையே.

— தந்தி அடிச்சேன். 'மனமார்ந்த வாழ்த்துகள்'னு பதில் வந்துது. உங்க உதவியாளர் பிரசவம்னு நினைச்சுட்டார்போல.

— எர்மீன்... அது அந்தக் காலம். இப்போ நல்ல ரோடு இருக்கு.

— இந்த ஜனவரியில பத்து நாள் அந்த ரோடு எங்க போயிருந்துது?

— சரி, செனட்டுக்குப் போனதும் மொத வேலையா பனி தள்ளுற வண்டி ஒண்ணு வாங்கித் தரேன். போதுமா? கடைசி வரிய எழுது. "எதிர்த்து நிற்க ஒருவரும் துணியாத தலைவர்." மருந்துக்கடை மொர்வானும் விலகிட்டான். நாளைக்கு முரா டவுனுக்குப் போய் அச்சகத்துல குடுத்துட்டு வா.

— இன்னிக்குக் காலையிலயே போய்ட்டு வந்தேன், ரயில்ல. அச்சகத்துல இந்த வாரம் நேரமில்லையாம். வேற வேட்பாளர் பட்டியல் ஓடிட்டிருக்கு.

— எந்த ஊருக்கு?

— இந்த ஊருக்குத்தான். மொர்வான் விலகல, ஒரு இடம் கீழ இறங்கிட்டார். அவர் ரெண்டாவது. ஃபெர்னாந்த் மூணாவது. உங்க தம்பி எட்டாவது.

— என் தம்பியா? மேயருக்கு நிக்கற மொத பேர் யாரு? பாரிஸ்லேந்து யாரையாவது இறக்கியிருக்காங்களா?

— இல்ல, உள்ளூர்தான். அதுவும் ப்ரெஸ்னேதான். ஓட்டுப் போடறவங்க குழம்பக்கூடாதுன்னு முன்னாடி 'திருமதி' சேர்க்கச் சொல்லிட்டு வந்திருக்கேன்.