கையெழுத்திட மறுத்த கைக்குப் பாராட்டு

அலைகளை அளந்த அறிவாளரே! இரைச்சலை இனங்கண்ட இனியவரே! இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் சோதனைக்கூடத்தின் தலைமைப் பொறியாளரே! வணங்கி மகிழ்கிறோம்.

மின்னணுக் கருவிகள் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல், தாமும் தடுமாறாமல் இயங்குகின்றனவா என்று பார்த்துச் சொல்வது நம் தொழில். வெளி அலைகள் புகாதபடி தகடு போர்த்திய அந்தச் சன்னலில்லாத அறையில் பாதி ஆயுளைக் கழித்தவர் நீங்கள். பொறுமையின் பெட்டகமே என்று விளிக்கத்தான் ஆசை. ஆனால் அளவே மாறிப்போகும்படி கேபிளை அழகாகச் சுருட்டிக் கட்டிவிட்டு அளந்தவர்களிடம் நீங்கள் காட்டிய முகம் எங்களுக்குத் தெரியும்!

நோயாளியின் உடலில் மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் பம்ப் ஒன்று வந்தது. தரநிலை கேட்ட சோதனைகள் அனைத்திலும் தேறியது. உங்கள் கையெழுத்து மட்டுமே பாக்கி. நீங்களோ வாசல் காவலரின் வாக்கி-டாக்கியை வாங்கிவந்து, பம்பை ஒட்டி நின்று பேசினீர்கள். வாக்கி-டாக்கியின் அலை பட்டதும் பம்ப் நின்றுவிட்டது!

"எல்லாத்துலயும் பாஸ் ஆயிடுச்சே சார்! ஸ்டாண்டர்டுல இப்படி ஒரு டெஸ்டே இல்லையே!" என்று கொதித்தார் தயாரிப்பாளர்.

"எப்படி அளக்கணும்னு ஸ்டாண்டர்டு சொல்லுது. அதுல பாஸானா சட்டத்துக்கும் சரியா இருக்கும்னு எடுத்துக்கறோம், அவ்வளவுதான். சட்டம் கேக்கறது, இருக்கப்போற இடத்துல ஒழுங்கா ஓடுமான்னு. ஆஸ்பத்திரில காவலர் நடமாட மாட்டாரா?" என்றீர்கள் நீங்கள்.

வேறு கூடத்துக்குப் போவேன் என்றார் அவர்; மேலிடம் முகம் சுளித்தது. நீங்கள் பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லை. முணுமுணுத்தபடி போனவர், பம்பின் உறையை மாற்றி, மின் இரைச்சலைத் தடுக்கும் வடிகட்டி சேர்த்து, அதே வாசலுக்குத் திரும்பி வந்தார். இம்முறை எவ்வளவு பேசியும் பம்ப் நிற்கவில்லை. அதன் பிறகே கையெழுத்து.

சென்ற ஆண்டு நம் வரவேற்பாளரின் மகளுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. கட்டிலருகே அதே பம்ப். கலங்கிய தாய் உங்களைத் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், இதை நம்பலாமா?"

"நம்பலாம்மா. நான் கையெழுத்துப் போட்டது."

மகளின் கையைப் பிடித்தபடியே அவர் கண்ணயர்ந்துவிட்டாராம். இதைவிடப் பெரிய பட்டம் எங்களிடம் இல்லை ஐயா!

உடல்நலமும் மனநிறைவும் உடன்வர, சன்னலுள்ள அறைகளில் நெடுங்காலம் வாழ்க! இம்மடலை உங்கள்முன் நின்று வாசித்துக்கொண்டிருப்பவர் அந்தத் தாய்தான். குரல் தடுமாறினால் பொறுத்தருள்க.

என்றும் உங்கள் அன்பில்,
சோதனைக்கூடப் பணியாளர்கள்