கம்ப்யூட்டர் எடுத்த முடிவு

குந்துடா டில்லி. பெரும்பாக்கத்துலேர்ந்து ரெண்டு பஸ்ஸு மாறி வந்துகீற, வாசல்லயே நின்னுகினு கேட்டா நான் இன்னான்னு பதில் சொல்றது. ஃபேனுக்குக் கீழ குந்து. ஆபீஸ்ல யாரும் இல்ல, ஜானுவும் வெளிய போயிருக்கா.

தெரியும், அந்த மெசேஜு பத்தி தான் கேக்க வந்துகீற. பஞ்சாட்சரம் ட்ராவல்ஸ், டிரைவர் டில்லிபாபுவ வேலைய வுட்டு நிறுத்துறோம், கம்ப்யூட்டர் ஆராய்ஞ்சு எடுத்த முடிவு. படிச்சிட்டு தானே வந்துகீற. இன்னா? அந்தக் கம்ப்யூட்டராண்ட நீயே பேசணுமா? பேசலாம், பேசலாம், இரு. அது இன்னா ஏதுன்னு தெரிஞ்சிகினு பேசு.

போன வருசம் ஃபிசான்னு ஒரு பொண்ணு வந்துச்சு, சாஃப்ட்வேர் கம்பெனிலேர்ந்து. இத்தினி வண்டிய வச்சிகினு எல்லாத்தையும் நீங்களே தலைல போட்டுக்கிறீங்களே, நான் ஏஜெண்டு போட்டுத் தரேன்னுச்சு. ஏஜெண்டுன்னதும் எனக்கு லைசென்ஸ் எடுத்துத் தர புரோக்கரு தான் ஞாபகத்துக்கு வந்தான். ஆளு இல்ல டில்லி, எல்லாம் கம்ப்யூட்டர் உள்ள கீற புரோகிராமு. ஒண்ணு போன் எடுத்து ட்ரிப்பு எழுதிக்கும். ஒண்ணு எந்த வண்டிக்கு எந்த டிரைவருன்னு பிரிச்சு வுடும், காலைல நீங்கல்லாம் போன் போட்டா ஒரு பொம்பளக் கொரலு பேசுதே, அதான். இன்னொண்ணு கீது, அது என் போன்ல மட்டும். எதுனா சிக்கல்னா இன்னா பண்ணலாம்னு அதாண்ட கேக்கணும்.

அது சொந்தமா ஒண்ணும் யோசிக்காது. நம்ம கம்பெனில மின்னாடி இதே மாதிரி எதுனா நடந்துகீதான்னு தேடும். அப்ப இன்னா முடிவு எடுத்தோம், அது நல்லபடியா முடிஞ்சுதா, வம்புல முடிஞ்சுதான்னு பாக்கும். பாத்துட்டு, இப்பத்த நெலமைக்குத் தோதா கொஞ்சம் மாத்தி, இப்டி பண்ணுங்கன்னு சொல்லும். அவ்ளோ தான்.

அந்தப் பழைய கதையெல்லாம் ஜானு தான் குடுத்தா. ஆரமிச்ச நாள்லேர்ந்து அவ தானே ஆபீஸப் பாத்துகினா. ஒண்ணொண்ணா அவ சொல்லச் சொல்ல அந்தப் பொண்ணு ஏத்திகினே இருந்துச்சு. சேரனுக்குக் கண்ணு ஆபரேசன் ஆனப்ப ஷெட்ல வண்டி கழுவ வுட்டது, சம்பளத்துல கை வைக்காதது. ராகவேந்திரன் குடிச்சிட்டு வண்டி எடுத்ததுக்கு அன்னிக்கே சாவியப் புடுங்குனது. எல்லாம் அது உள்ள கீது. எனக்கே மறந்து போனதெல்லாம் கீது.

மந்தவெளி ஸ்டாண்டுல வேலை கேட்டுப் போனியாமே. கம்ப்யூட்டரே வேணாம்னு தள்ளுன ஆள நாங்க எப்டி எடுக்குறதுன்னு கேட்டானுங்களாம். அடையாறுலயும் அதே பேச்சாம். கேட்டதுலேர்ந்து எனக்கு சோறு எறங்கல. நீ நம்பலன்னா போ, நெஜம் அதான். ஒரு மொதலாளி வேணாம்னு சொன்னா, அவனுக்கு இன்னா காண்டோன்னு வுட்டுட்டு வேற ஒருத்தன் எடுத்துக்குவான். கம்ப்யூட்டர் சொல்லிச்சுன்னா ஒருத்தனும் மறுபேச்சு பேசமாட்டான். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சு தான்... இரு, சொல்றேன்.

வேலைக்கு லேட்டா தான் வர நீ, இல்லன்னு சொல்லாத. ஆனா குடிசைய இடிச்சிட்டு, ஆத்தங்கரைல இருந்தவனத் தூக்கி கவருமெண்டு பெரும்பாக்கத்துல போட்டா, அபிராமபுரத்துல ஸ்கூல் வண்டிய விடியக்காலைல எப்டி எடுப்ப? அது எனக்குத் தெரியாதா. நானும் அந்தக் கரைல பொறந்தவன் தானே. ஒரு வண்டி வாங்க வழி கெடைச்சுது, மின்னாடியே வெளிய வந்துட்டேன்.

டில்லி, என் போன எடுக்காத. வை அத்த. இப்ப வேணாம், வச்சிடு. நீ கேட்டன்னா அது கேட்டதுக்குப் பதில் சொல்லிடும். மூடி மறைக்கத் தெரியாது அதுக்கு. அது வாயால நீ கேக்கறதுக்கு மின்னாடி நானே சொல்லிடறேன்.

அது உன்ன வேணாம்னு சொல்லல.

டில்லி லேட்டா வரான், இன்னா பண்றதுன்னு கேட்டேன். டிரைவர் அகஸ்டின் ஆவடிக்கு ஊடு மாத்திகினு போனப்ப இப்டி தான் லேட்டா வந்துகினு இருந்தாரு, பத்து மணி ஆஸ்பத்திரி ட்ரிப்புக்கு மாத்தி வுட்டீங்க, அப்பால ஒரு நாள் கூட லேட்டு இல்ல, டில்லிபாபுவுக்கும் அத்தயே பண்ணுங்க. இத்தான் அது சொல்லிச்சு. நான் வுடல. வேற எதுனா கீதா பாருன்னேன். இன்னொண்ணு எடுத்துக் காட்டிச்சு, அதுலயும் லேட்டா வந்த ஆள வச்சிகினு தான் கீறேன். லேட்டுக்குன்னு ஒருத்தனையும் நான் வேலைய வுட்டுத் தூக்குனதே இல்லியாம். வெக்கமா இருந்துச்சுடா. நான் மனுசனா இருந்தத எனக்கே ஒரு மிசினு எடுத்துச் சொல்லுது, நான் இன்னும் தோண்டு தோண்டுன்னு குந்திகினு கீறேன்.

அப்பால அந்த மெசேஜ நானே அடிச்சேன். கம்ப்யூட்டர் பேரப் போட்டு நானே அனுப்புனேன்.

ஏன்னு கேக்கமாட்டியா? நீ கேக்கலன்னாலும் சொல்லணும். அன்னிக்கு வைதேகி மேடம் வந்தாங்க இல்ல, அபிராமபுரம் அபார்ட்மெண்ட் செகரட்ரி. அங்க கீற புள்ளைங்களுக்கு எல்லா ஸ்கூல் வண்டியும் நம்மளாண்டயே வுடலாம்னு பேச வந்தாங்க. நான் இஸ்திரி போட்ட சட்டையோட, கீது வாதுன்னு நம்ம கரைப் பேச்சு வாய்ல வந்துடாம பாத்துப் பாத்துப் பேசிகினு கீறேன். நீ சாவி குடுக்க உள்ள வந்த. இன்னாடா பஞ்சு, ஷோக்கா கீறன்ன. அத்தோட போயிருக்கக் கூடாதா. எங்க ரெண்டு பேரு குடிசைக்கும் நடுவுல ஒரே தட்டி தான் மேடம், எங்கம்மா முத்தம்மா கையால சோறு துன்னு வளந்தவன் இவன்னு சொன்ன. சந்தோசத்துல தான் சொன்ன. பெருமையா தான் சொன்ன. அந்தம்மா சிரிச்சாங்க, அதுவும் தப்பான சிரிப்பு இல்ல. கான்ட்ராக்டும் குடுத்துட்டாங்க. ஆனா எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப்போச்சு. இவன் இனிமே இங்க இருக்கக் கூடாதுன்னு அந்த நிமிசமே முடிவு பண்ணிட்டேன். உங்கம்மா போட்ட சோத்தத் துன்ன வாயால எதுவும் சொல்ல முடியல, அதான் கம்ப்யூட்டர் மேல போட்டேன்.

நாளைக்கு வா டில்லி. பத்து மணி வண்டி உனுக்கு தான். மந்தவெளி ஸ்டாண்டுக்கு நானே வரேன். கம்ப்யூட்டர் இல்ல, பஞ்சாட்சரம் தான் பண்ணான்னு எல்லார் எதிர்லயும் சொல்றேன். திட்டுனும்னா திட்டு. ஒரு அறை வுடு, வாங்கிக்கிறேன்.

எந்திரிச்சிட்ட. இன்னா? யோசிச்சு சொல்றேன் சார்ன்றியா?

சரி, யோசிச்சே சொல்லு. உள்ள வந்ததுலேர்ந்து வாய்க்கு வாய் சார் சார்னு தான் கூப்டுகினு கீற. அத்தக் கேக்கத் தான் டில்லி உன்னத் தூக்குனேன்.