இன்னொருத்தர் ரத்தம்

— கையெழுத்து போட மாட்டேன் சிஸ்டர். வேற யார் ரத்தமும் ஏத்த வேண்டாம்.

— தம்பி, இங்க பாருங்க. உங்க பையனுக்கு ரத்த அளவு ஏழு பாயிண்ட்டுக்கு இறங்கிடுச்சு. பால் குடிக்கவே மூச்சு வாங்குது. இனி காத்திருந்தா தாங்க மாட்டான்.

— அவன் உடம்புல ஓடுறது அவன் அம்மா ரத்தம். அவ போய்ச் சேர்ந்து அஞ்சு வாரம் ஆச்சு. மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான்.

— யார் சொன்னா உங்களுக்கு?

— யாரும் சொல்லல. அப்படித்தானே?

— இல்ல தம்பி. அம்மா ரத்தம் பிள்ளைக்குள்ள ஓடாது. வயித்துல இருக்கறப்பவே அவன் ரத்தத்தை அவனே செஞ்சுக்கிட்டான். முதல்ல ஈரல்ல, அப்புறம் எலும்புக்குள்ள. சரியா? வெளிய வந்து மூச்சு விட்டதும், தாராளமா காத்து கிடைக்குதேன்னு, ரத்தம் செய்யற அந்தப் பட்டறை கொஞ்ச நாள் கதவைச் சாத்திடும். எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான். இவன் ரெண்டரை மாசம் முன்னாடியே வந்துட்டான், கையிருப்பு கம்மி. டெஸ்ட்டுக்குன்னு நாங்க வேற குதிகால்ல குத்திக் குத்தி எடுத்துட்டோம். பட்டறை திறக்கிற வரைக்கும் ஓட்டணும், அவ்வளவுதான்.

— அப்போ அவளோடது ஒண்ணுமே இல்லையா.

— இருக்கு. இரும்பு. ரத்தத்துக்குச் சிவப்பே அதாலதான். அதை மட்டும் அவனால செய்ய முடியாது, அம்மாகிட்டதான் வாங்கணும். பழைய ரத்த அணு உடைஞ்சாலும் உடம்பு அந்த இரும்பைத் தூக்கிப் போடாது, புது அணுவுக்குள்ள வெச்சுக்கும். நாங்க எவ்வளவு ஏத்தினாலும் அது உள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும். சரியா?

— மாத்திரை.

— என்ன மாத்திரை?

— இரும்பு மாத்திரை. தினம் காலைல தண்ணியோட போய் நிப்பேன். குமட்டுதுன்னு சண்டை போடுவா. அப்புறம் போட்டுக்கிட்டு வாயைத் திறந்து காட்டுவா, போதுமான்னு.

— நல்ல காரியம்தான் பண்ணிருக்கீங்க.

— நேத்து அலமாரியை ஒழிச்சேன். பையனுக்குன்னு வாங்கி வெச்ச சின்ன சாக்ஸ் கனமா இருந்துது. உள்ள அம்பத்தி மூணு மாத்திரை. நாக்குக்கு அடியில ஒளிச்சு வெச்சிருந்திருக்கா. எனக்குக் கோபம்கூட வரல சிஸ்டர். ஒண்ணுமே வரல.

— உக்காருங்க தம்பி.

— இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவ முழுங்கலைன்னா அவனுக்கு இரும்பு எங்கிருந்து வந்துது?

— அவங்க உடம்புல இருந்ததை எடுத்திருப்பான். அம்மாவுக்குப் பத்தாம போனாலும் பிள்ளை தன் பங்கை இழுத்துக்கப் பார்க்கும்.

— கடைல நான் வாங்கின மாத்திரையோடது இல்ல.

— இல்ல தம்பி.

— அப்போ அவளோடதுதான். பேனா குடுங்க.