கட்டைவிரல் வட்டம்

— வட்டம் போடச் சொன்னேன். நீங்க பூசணிக்காய் போட்டிருக்கீங்க.

— இந்த கேம் ரிமோட்டுல குச்சி வழுக்குது, டெய்லரம்மா. நான் என்ன செய்ய?

— அதெல்லாம் வழுக்கலை. மேலே இருக்கிற பட்டனை அழுத்திப் பிடிங்க. வலது குச்சியால ஒரு சுத்து. சுத்தி முடிச்சதும் பட்டனைப் பட்டுனு விடுங்க. மூணே வேலை. நம்ம பொண்ணு ஃபோன்லதான் சொல்லிக் குடுத்தா. அன்னிக்குச் சாயங்காலமே நான் மந்திரவாதி ஆயிட்டேன்.

— அந்த விடுறதுதான் எனக்கு வரலை. முப்பத்திரண்டு வருஷம் துறைமுகத்துல கிரேன் ஓட்டின கை இது. லீவரைப் பட்டுனு விட்டா தொங்குற சரக்கு ஊஞ்சல் ஆடும். கீழே நிக்கிறவன் கதை முடிஞ்சுது. தூங்குற குழந்தையைத் தொட்டில்ல போடுற மாதிரிதான் எனக்கு விடத் தெரியும். ஒரு கப்பலையே அப்படி இறக்கி வச்சிருக்கேன்.

— போன வாரம் கன்டெய்னர்னு சொன்னீங்க.

— கன்டெய்னருக்குள்ள கப்பல் இருந்துச்சு.

— சரி, இருக்கட்டும். மறுபடி போடுங்க. டி.வி.யில என் கிழவியைப் பாருங்க, பாவமா நிக்கிறா.

— எங்கே பாவமா நிக்கிறா? ஊதாப் புல்லு முழங்கால் வரைக்கும் அசையுது. மீனெல்லாம் காத்துல நீந்தி வந்து அவ தொப்பியைச் சுத்திட்டுப் போகுது. எனக்கு அந்தச் சுகம் கிடைச்சா நான் நகரவே மாட்டேன்.

— மூணு மாசமா, வட்டம் போட்டாத்தான் திறக்கிற அந்தக் கதவு முன்னாடி நிக்கிறா அவ. பக்கவாதம் வந்து எனக்கு வலது கை விழுந்த அன்னிக்கு எங்கே விட்டேனோ, அங்கேயே. கதவுக்கு அந்தப் பக்கம் தண்ணி மேல ஒரு ஊர் தூங்குதாம். வீடுங்க எல்லாம் மெதுவா மூச்சு விடுமாம். பொண்ணு பார்த்துட்டுச் சொன்னா. சொல்லும்போது அவ குரலே பாதித் தூக்கத்துல இருந்துச்சு.

— நேத்து மத்தியானம் நீ கூடத் தூக்கத்துல ஏதோ படகைப் பத்திப் பேசினே.

— அந்த ஊருக்குத்தான் போயிட்டிருந்தேன். கனவுல எனக்கு ரெண்டு கையும் இருக்கு.

— இப்பவும் ரெண்டு இருக்கு.

— ஒண்ணு மடியில கிடக்குது. யார் வீட்டுப் பூனையோ வந்து படுத்த மாதிரி.

— பயிற்சி குடுக்க வர்ற அம்மா காலையில என்கிட்ட கேட்டாங்க, பந்து அமுக்குறாங்களான்னு.

— என்ன சொன்னீங்க?

— ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை, பந்து அழுதுட்டே வீட்டை விட்டு ஓடிப் போயிடுச்சுன்னு சொன்னேன்.

— நம்பினாங்களா?

— நீ இடது கையால ஜன்னல் வழியா வீசின பந்தை அவங்கதான் தெருவுல இருந்து எடுத்துட்டு வந்தாங்க. சிரிக்கலை. இந்த மாசத்துக்குள்ள அந்தக் கட்டைவிரல் அசையணும், விட்டா அப்புறம் ரொம்பச் சிரமம்னாங்க. நாம சொல்லி ஒண்ணும் ஆகாது, அவங்களுக்கே ஆசை வரணும்னாங்க.

— எதுக்கு ஆசை வரணும்? நாப்பது வருஷம் ஊசியில நூல் கோத்த கைங்க. சிவப்பு ரப்பர் பந்தை அமுக்கு அமுக்குன்னா? அமுக்கினா என்ன கிடைக்கும்? அதே பந்துதான் கிடைக்கும்.

— சரி, கோபப்படாதே. இதோ போடுறேன். பிடிச்சேன், சுத்தினேன், விடறேன்... விடறேன்...

— இன்னும் விட்டுட்டே இருக்கீங்க.

— மழை பெய்யுது.

— டி.வி.யிலயா, வெளியிலயா?

— ரெண்டுலயும்தான் போல. உன் கிழவி தொப்பி முட்டைக்கோஸ் ஆயிடுச்சு. என் மந்திரம் ரொம்பப் பலமானது, எங்கேயோ ஒரு மலை கூடச் சாய்ஞ்சிருக்கும்.

— ஐயோ, இங்க குடுங்க அதை.

— எங்கே குடுக்க?

— என் மடியிலதான். கொஞ்சம் தள்ளி உக்காருங்க. மேல் பட்டனை மட்டும் நீங்க பிடிங்க, குச்சிப் பக்கமே வராதீங்க. இருங்க, இந்த விரலைத் தூக்கிக் குச்சி மேல வச்சுக்கிறேன். ம். பிடிங்க.

— பிடிச்சிருக்கேன்.

— நழுவிடுச்சு. மறுபடி வைக்கிறேன்.

— அவசரமே இல்லை. மீன் எல்லாம் வேடிக்கை பார்க்க வந்து நிக்குது.

— பேசாதீங்க. கால் வட்டம் வந்திருக்கு. பாருங்க, வெளிச்சமா ஒரு கோடு.

— பார்க்கிறேன்.

— பாதியில நின்னுடுச்சு. மரத்துப் போன மாதிரி இருக்கு.

— கழுத்து வளைவு வெட்டும்போது துணியை எப்படித் திருப்புவே?

— இழுக்கக் கூடாது. துணி போற போக்குல... இருங்க. போகுது. முக்கால். என் மூச்சே என்னைத் தொந்தரவு பண்ணுது. இன்னும் ஒரு நூல்தான். இப்ப விடுங்க.

— விட்டேன்.

— பட்டுனு விட்டீங்களே.

— விட்டேன்.

— ஏங்க, திறக்குது. ரெண்டு கதவும் தண்ணியில கரையுற மாதிரி திறக்குது.

— ம்.

— நான் இதை எந்தக் கையால போட்டேன்?

— வலது கையால.

— விரல் இன்னும் நடுங்குதுங்க. நனைஞ்ச குருவி மாதிரி.

— நடுங்கட்டும். நீ உள்ளே போ.

— வாசல்ல ஒரு தவளை விளக்கு பிடிச்சு உக்காந்திருக்கு. ஏதோ சொல்லுது, எழுத்து வருது. என் கண்ணாடியைக் குடுங்க.

— தவளை பேச்சுக்கு எதுக்குக் கண்ணாடி? நேரா போயிடு.

— குடுங்கன்றேன். "மறுபடியும் வந்தீர்களா, அம்மா? போன முறை கதவைத் திறந்துவிட்டு, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பிப் போய்விட்டீர்களே." ஏங்க, நான் இன்னிக்குத்தானே முதல் தடவையா திறக்கிறேன்?

— அந்தத் தவளை புளுகுது, டெய்லரம்மா. நீ நட, நானும் அந்த ஊரை இன்னும் பார்க்கலை.